நார்மலுக்கு மேலே

ரிம்மா எகோரவ்னா வலது கையைக் கம்பளி பூட்ஸுக்குள் விட்டு, முழங்கை மறையும் வரை இறக்கி, கண்ணை மூடிக்கொள்கிறார். விரல்கள் உள்ளே நடக்கின்றன. குதிகால், உள்ளங்கால், பெருவிரல் முட்டும் இடம், மறுபடியும் குதிகால். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் இருமக்கூட யோசிப்பார்கள். பிறகு கையை உருவி, பூட்ஸை மேசைமேல் நிறுத்தி, விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறார். ஆடி நின்றால் சரி, சாய்ந்தால் போச்சு. கடைசியாக ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "நார்மல்," என்கிறார்.

அக்தாம் நகரத்துக் கம்பளி பூட்ஸ் தொழிற்சாலையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எகோரவ்னாவிடம் இருப்பது மொத்தமே மூன்று தீர்ப்புகள். "நார்மல்" என்றால் முத்திரை விழும். "போகும்" என்றால் இரண்டாம் ரகம், பண்ணை ஆட்களுக்கும் மீன் பிடிக்கிறவர்களுக்கும் போய்ச் சேரும். மூன்றாவது தீர்ப்புக்கு வார்த்தையே இல்லை. பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து, அதைச் செய்தவரின் முகத்தை ஒரு பார்வை பார்த்து, மூலையில் இருக்கும் கூடையில் போட்டுவிடுவார். கூடையில் விழுந்தது நாய்க் கூண்டில் விரிக்கத்தான் ஆகும்.

இந்தப் பூட்ஸில் இடது வலது கிடையாது. கம்பளியைச் சுடுதண்ணீரில் புரட்டித் தேய்த்துத் திரட்டி, ஒரே மர அச்சில் மாட்டி, சூட்டறையில் காய வைத்து எடுப்பது. வாங்கிக்கொண்டு போனவர் ஒரு வாரம் நடந்த பிறகுதான் எது எந்தக் காலுக்கு என்று பூட்ஸே முடிவு செய்யும். அதனால் சூட்டறையிலிருந்து வண்டி வண்டியாக வரும் ஒற்றைகளில் எதற்கு எது ஜோடி என்று பார்த்துச் சேர்ப்பதும் எகோரவ்னாவின் வேலை. தடிமன், உயரம், நிறம், கனம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சேர்த்து முடித்ததும் சணல் கயிற்றால் கட்டி, "கல்யாணம் பண்ணி வெச்சாச்சு. இதுங்க டைவர்ஸ் கேக்காது," என்பார். அவருக்குத் தெரிந்த வேடிக்கைப் பேச்சு அது ஒன்றுதான். முப்பத்தொரு வருடமாக அதையேதான் சொல்கிறார். பட்டறையும் முப்பத்தொரு வருடமாகச் சிரித்து வைக்கிறது.

வயது ஐம்பத்தெட்டு. குள்ளம், அகலமான தோள், காதில் சிக்காமல் எப்போதும் நழுவும் கண்ணாடி. கம்பளியின் கொழுப்பு ஊறி ஊறி வலது கை மட்டும் கல்யாணப் பெண்ணின் கைபோல மிருதுவாக இருக்கும்; இடது கை வேறு யாருடையதோ என்று தோன்றும். வலது கையில் மோதிரம் போட்டால் கம்பளியில் மாட்டுகிறது என்று கல்யாண மோதிரத்தை இடது கைக்கு மாற்றிவிட்டார். இங்கே இடது கையில் மோதிரம் போட்டிருந்தால் புருஷன் இல்லாதவள் என்று அர்த்தம். வெளியூர் லாரிக்காரர்கள் மோதிரத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பார்கள். "உசுரோடதான்யா இருக்கான். மீன் பிடிக்கப் போயிருக்கான்," என்று எகோரவ்னா சீறுவார்.

மீன் பிடிக்கப் போயிருப்பவர் டோலிக், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. முப்பத்து நான்கு வருடத்துக் குடித்தனத்தில் அவர் மனைவியிடமிருந்து வாங்கிய ஒரே பாராட்டு, கல்யாணத்தன்று கிடைத்தது: "காலர் நேரா இருக்கு." இன்றைக்கும் யாராவது குடும்பக் கஷ்டம் பேசினால் டோலிக் அந்தக் காலரைக் குறிப்பிடாமல் இருக்கமாட்டார்.

பட்டறையில் அதே ஏக்கத்தோடு இன்னொருவர் உண்டு. தவ்லெத். பத்தொன்பது வருடமாகக் கம்பளி திரட்டுகிறவர். சுடுதண்ணீரில் வெந்து வெந்து உள்ளங்கையில் ரேகையே இல்லை. ஊரில் அவரைவிடக் கைவேலை சுத்தமான ஆள் இல்லை என்று சந்தையில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். சாயங்காலம் ஏப்ரனைக் கழற்றும்போது எகோரவ்னாவின் மேசைப் பக்கம் வந்து நிற்பார்.

"என்ன எகோரவ்னா, இன்னிக்கும் நார்மல்தானா?"

"நார்மல்னா நார்மல். வேற என்ன, பாட்டா பாடச் சொல்ற?"

"பாட வேணாம். முகத்தையாவது கொஞ்சம் மலர்த்தலாம்ல."

"மலர்த்தினா உனக்கு நாளைக்குக் கை தளந்துரும். போ."

இப்படிப்பட்ட மனுஷியின் தலையில்தான் இங்கிலீஷ் வந்து விழுந்தது.

கனடாவில் பெவர்லி என்று ஒரு அம்மாள் கடை வைத்திருக்கிறார். அங்கேயும் பனி, அங்கேயும் கால் குளிரும். தொழிற்சாலையின் டைரக்டர் ஆர்த்தூர் கசீமவிச் (முப்பத்தைந்து வயது, நடு ஜனவரியிலும் கூர் மூக்கு லெதர் ஷூவோடு திரிகிறவர், அதற்காகவே எகோரவ்னாவுக்கு அவர்மேல் மரியாதை குறைவு) எப்படியோ அந்தக் கடையைப் பிடித்துவிட்டார். அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு அட்டை தொங்க வேண்டும். அந்த ஜோடி எப்படி இருக்கிறது என்று தரம் பார்த்தவர் தன் கையாலேயே இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

எகோரவ்னா பள்ளியில் படித்தது ஜெர்மன். அதிலும் இப்போது மிஞ்சியிருப்பது "ஜன்னலை மூடு" என்பது மட்டும். நூலகத்திலிருந்து அகராதி எடுத்து வந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, முதல் தவணையாகப் போன நாற்பது ஜோடிக்கும் அட்டை எழுதினார். இருபத்தொன்பது ஜோடிக்கு "குட்". எட்டு ஜோடிக்கு "நாட் பேட்". மூன்று ஜோடிக்கு "நார்மல்". இருபத்தொன்பது குட்! அக்தாம் பள்ளிக்கூடத்தில் நல்லது என்று போட்டால் ஐந்துக்கு நாலு மார்க். தன் ஆயுளில் இவ்வளவு நாலு மார்க்கை ஒரே நாளில் அவர் யாருக்கும் போட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது, கொஞ்சம் அதிகமாகவே தாராளம் காட்டிவிட்டோமோ என்று அவருக்கு உறுத்தலாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கனடாவிலிருந்து கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன், ஆனால் நான் கேட்டது முதல் ரகம், நீங்கள் அனுப்பியிருப்பது சுமார் ரகம் என்று உங்கள் ஆளே எழுதியிருக்கிறார், நானும் நம்பி அந்த அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். அடுத்ததாக வரும் இருநூற்று நாற்பது ஜோடியும் இப்படித்தான் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆர்த்தூர் கசீமவிச் கடிதத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே ஓடி வந்தார்.

"எகோரவ்னா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

"என்ன பண்ணேன்? உள்ளத எழுதினேன்."

"அங்க குட்னா என்ன தெரியுமா? போகும்னு அர்த்தம்! நார்மல்னு வேற எழுதியிருக்கீங்க. கடவுளே, நார்மல்! அத எங்க வைக்கறதுன்னே தெரியாம அந்தம்மா மூணு ஜோடியக் கல்லாவுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கு."

எகோரவ்னாவின் முகத்தில் ஈயாடவில்லை. பட்டறையில் யார் முகத்திலும்தான். கோடையில் கம்பளி பூட்ஸை எவன் வாங்குவான்? மே மாதம் பிறந்ததும் சூட்டறை அடுப்பை அணைத்து, பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தவ்லெத் வருடா வருடம் தர்பூசணி மூட்டை தூக்கப் போவார், முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். இந்தக் கனடாக்காரி தொடர்ந்து வாங்கினால் அந்த வருடம் அடுப்பு அணையாது என்று எல்லாரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இருநூற்று நாற்பது ஜோடியை ஏற்றிப்போக அடுத்த வாரம் வியாழக்கிழமை லாரி வரப்போகிறது.

"நீங்க ஒண்ணும் மெனக்கெட வேணாம்," என்றார் ஆர்த்தூர் கசீமவிச். "எல்லாத்துக்கும் எக்சலண்ட்னு நானே அச்சடிச்சுடறேன். கீழ உங்க கையெழுத்தையும் சேர்த்து."

"என் கையெழுத்த நீங்க அச்சடிப்பீங்களா?"

"வெறும் வார்த்தைங்க எகோரவ்னா."

வெறும் வார்த்தை என்ன செய்யும் என்று எகோரவ்னாவுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், குதிகால் மெலிந்த ஒரு ஜோடியை அவர் கையில் உணர்ந்தும் விட்டுவிட்டார். செய்தவள் கைக்குழந்தைக்காரி, பாவம் என்று இரக்கப்பட்டு முதல் ரக முத்திரையும் குத்தினார். அதை வாங்கிய தபால்காரருக்கு அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கால்விரல்கள் போயின. அவர் இப்போதும் எகோரவ்னாவின் தெருவில்தான் இருக்கிறார். எதிரே பார்த்தால் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்வார். அந்த வணக்கத்தைத்தான் எகோரவ்னாவால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே நூலகத்தில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். சொல்லிக்கொடுப்பவர் இங்கா ராபர்ட்டவ்னா, பகலில் பள்ளி ஆசிரியை. மாணவர்கள் இரண்டு டாக்சிக்காரர்களும் ஒரு பல் டாக்டரும்.

"எனக்கு மொத்த பாஷையும் வேணாம்," என்றார் எகோரவ்னா. "குட் மட்டும் போதும். அதுக்கு மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்கு, அத மட்டும் சொல்லுங்க."

இங்கா ராபர்ட்டவ்னா குஷியாகப் பலகை நிறைய எழுதினார். நைஸ், ஃபைன், கிரேட், டீசன்ட், சாலிட், வொண்டர்ஃபுல், ஸ்ப்ளெண்டிட், சூப்பர்ப், எக்சலண்ட்.

"வரிசையா எழுதுங்க. எது பெரிசு, எது சின்னது?"

"அப்படி வரிசையெல்லாம் இல்லீங்க ரிம்மா எகோரவ்னா. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அர்த்தந்தான்."

"ஒரே அர்த்தம்னா ஒண்ணு போதுமே. மிச்சத்த எதுக்கு வெச்சிருக்காங்க?"

டாக்சிக்காரர்கள் சிரித்தார்கள். இங்கா ராபர்ட்டவ்னா சாக்பீஸைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பட்டியலைப் பிள்ளைகளிடம் ஒப்புவிக்கச் சொல்லி மார்க் போடுகிறார். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"அது வந்து... அவங்க கொஞ்சம் தாராளமாப் பேசுவாங்க. காபி நல்லாருந்தா அமேசிங்ம்பாங்க. பஸ் நேரத்துக்கு வந்தா ஃபென்டாஸ்டிக்."

"சரி. செத்துட்டான்னு நெனச்சவன் திரும்பி வந்து கதவத் தட்டினா?"

இங்கா ராபர்ட்டவ்னா யோசித்தார். "அதுக்கும் அமேசிங்தான் சொல்வாங்க."

"ஐயோ பாவம்," என்றார் எகோரவ்னா, உண்மையான இரக்கத்தோடு.

அதிலிருந்து ஆசிரியைக்கு நிம்மதி போயிற்று. ஒவ்வொரு வார்த்தைக்கும் யார், எங்கே, எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று எகோரவ்னாவுக்கு ஆதாரம் வேண்டும். வகுப்பு இல்லாத நாளில் பள்ளி வாசலிலேயே காத்திருந்து பிடித்துக்கொண்டார். இங்கா ராபர்ட்டவ்னா தலையில் அடித்துக்கொண்டு, பழைய கதைப் புத்தகங்களையும் சலவை மெஷின் கையேட்டையும் புரட்டி உதாரணம் தேடினார். எகோரவ்னா ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு வார்த்தையாக எழுதி, பூட்ஸைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"நைஸ் வேணாம். உள்ள கைய விட்டுப் பார்த்துட்டேன், ஒண்ணும் தட்டல. வெறும் காத்து."

"எல்லாரும் சொல்ற வார்த்தைங்க அது."

"அதான் தேஞ்சு போச்சு. கிரேட் இருக்கே, அது மேல மொத்தமாத் தெரியுது, அடியில மெல்லிசு. ஸ்ப்ளெண்டிட் மினுக்கு. பண்டிகைக்குப் போட்டுக்கலாம், பனியில எறங்க முடியாது."

"சாலிட்?"

எகோரவ்னா அந்த வார்த்தையை இரண்டு தடவை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "இது நிக்கும்," என்றார்.

டீசன்ட்டும் அவருக்குப் பிடித்தது. அடக்கமான பொண்ணு என்று அதற்குப் பெயர் வைத்தார். ஃபைனைப் பற்றி அரை நாள் யோசித்துவிட்டு, சன்னக் கம்பளி, ஆனால் நெருக்கமாக இருக்கிறது என்று உள்ளே சேர்த்தார். வொண்டர்ஃபுல்லும் சூப்பர்ப்பும் கூடைக்குப் போயின. எக்சலண்ட்டின் பக்கத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை. "இது எதுக்குன்னு கெடச்சா சொல்றேன்," என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

கூடைக்குப் போன வார்த்தைகளை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. வெளியில் புழங்கிப் பார்த்தார். ஆச்சரியம் என்னவென்றால், சொந்த பாஷையில் தொண்டையைத் தாண்டாத பாராட்டெல்லாம் இங்கிலீஷில் சரளமாக வந்தது. பஸ் டிரைவர் கதவைச் சரியான இடத்தில் திறந்தால் "வொண்டர்ஃபுல்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மருந்துக் கடைப் பெண் சில்லறையை வேகமாக எண்ணினால் அவளுக்கு ஒரு "சூப்பர்ப்". அவள் அதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்து அலமாரியில் தேடினாள்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டில் டோலிக் வைத்த மீன் சூப்பை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "டிலைட்ஃபுல்," என்றார்.

டோலிக் கரண்டியை வைத்துவிட்டார். "என்ன?"

"டிலைட்ஃபுல்."

"எதுக்குத் திட்ற? உப்பு அதிகமா?"

"சாப்புடு."

டோலிக் அந்தச் சத்தத்தை அப்படியே ஒரு சிகரெட் பெட்டியின் மேல் எழுதிக்கொண்டு, ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் இங்கா ராபர்ட்டவ்னாவைப் போய்ப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் ரொட்டி வாங்காமலே திரும்பி வந்தார். வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மீன் சூப். அதற்கு மறுநாளும் மீன் சூப். நான்காவது நாள் எகோரவ்னா, "வேற ஒண்ணும் தெரியாதா உனக்கு?" என்று நல்ல ரஷ்ய மொழியிலேயே கேட்ட பிறகுதான் முட்டைக்கோஸ் வந்தது.

புதன்கிழமை எகோரவ்னா பேனாவோடு மேசையில் உட்கார்ந்தபோது ஆர்த்தூர் கசீமவிச் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இருநூற்று நாற்பது அட்டை. எல்லாவற்றிலும் பளபளவென்று எக்சலண்ட். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார், கொஞ்சம் பயந்துபோய்.

"அழகா இருக்கு," என்றார் எகோரவ்னா. "இவ்வளவு பூட்ஸும் ஒரே மாதிரி இருக்குன்னு இதப் படிக்கறவன் நம்புவானா? அவனுக்கு மூளை இருக்காதா?"

"நம்பணும்னு இல்லீங்க. அங்க அப்படித்தான் எழுதறாங்க."

"அங்க எழுதறவங்க பேரு ரிம்மா எகோரவ்னா இல்ல." நோட்டைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். இங்கா ராபர்ட்டவ்னாவின் உதவியோடு இங்கிலீஷில் எழுதிய ஒரு தாள் உள்ளே இருந்தது. டீசன்ட் என்று நான் எழுதினால் மூன்று குளிர்காலம் வரும். குட் என்றால் ஐந்து. (குட்டை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.) சாலிட் என்றால் எட்டு, ஆற்றுப் பனியில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் விரல் மரக்காது. ஃபைன் என்றால் பத்து, அதற்கப்புறம் அதை உங்கள் பிள்ளைக்கும் கொடுக்கலாம். எக்சலண்ட். அதற்குப் பிறகு காலி.

"இந்தத் தாளையும் கூட வெச்சு அனுப்புங்க. என் வார்த்தைக்கு என்ன கனம்னு அந்தம்மாவுக்குப் புரியட்டும்."

ஆர்த்தூர் கசீமவிச் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். அவர் முட்டாள் இல்லை. எதை விற்கலாம் என்பது அவருக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு எகோரவ்னா. நெஜமாவே நல்லா இருக்கு. ஆனா மேல் படியில ஒருத்தருமே இல்லன்னா? உங்ககிட்ட முதல் ரகமே இல்லையான்னு கேப்பா. அவ கேட்டதே அதத்தான். ஒரே ஒரு ஜோடி... ஒரு ஜோடிக்காவது போட்டுக் குடுங்க. எதுக்கு வேணா போடுங்க, நான் பார்க்க மாட்டேன்."

"இருந்தா போடறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல."

பக்கத்தில் வண்டி தள்ளிக்கொண்டிருந்த தவ்லெத் உட்பட எல்லாரும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பன்னிரண்டு குடும்பத்தின் கோடைகாலம் ஒரு பிடிவாதக்காரியின் பேனா முனையில் நிற்கிறதே என்று அவர்களுக்கு ஆத்திரமாகவும் இருந்திருக்கும்.

அந்தத் தாள் இப்போது கனடாக் கடையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, வாடிக்கைக்காரர்கள் அந்த வார்த்தை ஏணியைப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அக்தாமில் அந்த வருடம் அடுப்பு அணையவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு லாரி முற்றத்தில் வந்து நின்றபோது இருநூற்று முப்பத்தொன்பது ஜோடிக்கு அட்டை கட்டியாகிவிட்டது. ஃபைன் ஐம்பத்து நாலு. மேல் படியில் ஒருவரும் இல்லை. ஆர்த்தூர் கசீமவிச் ஜன்னல் ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வண்டியைத் தவ்லெத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் மிஞ்சியிருந்தவை இரண்டே ஒற்றைகள், சாம்பல் நிறம், அடியில் அவருடைய எண் ஏழு. எகோரவ்னா ஒன்றில் கையை விட்டுக் கண்ணை மூடினார். நேரம் ஆயிற்று. எடுத்து அடுத்ததில் விட்டார். மறுபடி முதலாவதில். அப்புறம் இரண்டு கையையும் இரண்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் விட்டுக்கொண்டு அப்படியே நின்றார். எந்தக் கை எதில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. நிறுத்திவைத்துத் தள்ளினார், ஆடி நின்றது. தராசில் வைத்தார், முள் ஒரே இடத்தைக் காட்டியது. வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், நகத்தால் குதிகாலைச் சுரண்டினார். குறை தேடித் தேடிக் களைத்துப்போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பேனாவை எடுத்து, எழுத்து எழுத்தாக, அகராதியைப் பார்க்காமல் எழுதினார். ஆர்த்தூர் கசீமவிச் எட்டிப் பார்த்துவிட்டு, புத்திசாலித்தனமாக ஒன்றும் பேசாமல் வெளியே போய் லாரிக்காரரிடம் இன்னும் ஐந்து நிமிடம் கேட்டார்.

"என்ன எகோரவ்னா, எழுத்து நீளமாப் போவுது?" என்றார் தவ்லெத். "புதுசாத் திட்டறதுக்கு வார்த்த கண்டுபுடிச்சீங்களா?"

"திட்டில்ல."

"பின்ன என்ன? எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நம்ம பாஷையில சொல்லுங்க."

எகோரவ்னா வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டார். கட்டி முடித்த முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"சொல்லுங்கன்னா..."

காலையில் பட்டறைக்குள் நுழைகிற ஆண்கள் ஒருவர் விடாமல் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொள்வார்கள். பெண்களுக்குத் தலையசைப்பதோடு சரி. இங்கே எல்லா இடத்திலும் அப்படித்தான். முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பட்டறையில் யாரும் எகோரவ்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கியதில்லை, அவரும் நீட்டியதில்லை. அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, தவ்லெத்தின் எதிரில் நின்று, வலது கையை நீட்டினார். தவ்லெத் அந்தக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன் ஈரக் கைகளை ஏப்ரனில் முன்னும் பின்னும் துடைத்தார். எகோரவ்னா கையை மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.